நடுவில் நின்ற ‘அதனால்’

என் மாமனார் மாமியாரின் கல்யாணப் பொன்விழாவுக்கு ஒரு சின்னப் புத்தகம் போட வேண்டும் என்று முதலில் சொன்னவன் என் கொழுந்தன். அவன் பெங்களூரில் இருக்கிறான். யோசனைகள் அங்கிருந்து வரும்; வேலைகள் திருவனந்தபுரத்தில் எங்கள் தலையில் விழும். ஒரு நாள் காலையில் குடும்ப வாட்ஸாப் குழுவில் அவன் குரல் வந்தது.

“அப்பா அம்மையோட கதையை நம்ம மூணு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் எழுதலாம். மைனி அதை ஒண்ணாக்கித் தரட்டும். மைனிக்கு அதுதானே ஜோலி?”

உண்மையில் என் ஜோலி வேறு. ஓர் அரசு அலுவலகத்தில், மலையாளத்தில் வரும் அறிவிப்புகளைத் தமிழ் பேசுகிறவர்களுக்காகத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். மழைக்கால எச்சரிக்கை, தடுப்பூசி முகாம், ரேஷன் அட்டைத் திருத்தம், இப்படி. ஒரு வாக்கியத்தை அடுத்த வாக்கியத்தோடு கட்டுவதற்கு அங்கே ‘ஆகையால்’, ‘மேலும்’, ‘மேற்படி’ ஆகிய சொற்கள் போதும். மேற்படி சொற்களை வைத்துக்கொண்டு ஒரு தாம்பத்தியத்தின் கதையை எழுத முடியாது. ஆனால் என் கணவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, “நீயே செஞ்சிரு. நம்ம வீட்டுல வேற யாரு இருக்கா தமிழ் எழுத?” என்றார். அந்தப் பேச்சில் மயங்கி ஒப்புக்கொண்டுவிட்டேன்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாமனார் அகஸ்தியர் மலையடியில் போனக்காடு என்ற ஊரின் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். மாமியார் கல்யாணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து அந்த மலைக்குப் போனவர். மூன்று பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். மூத்தவர் என் நாத்தனார், நடுவில் என் கணவர், கடைசியில் கொழுந்தன். பிறகு மாமனார் வேலையை விட்டார். குடும்பம் திருவனந்தபுரத்துக்கு இறங்கியது. மாமியார் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல்கடை வைத்தார். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் அந்தச் சந்தில் சைக்கிள்கூட நுழைய முடியாது. மாமனார் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இப்போது இருவரும் அதே ஊரில், கரமனையில் ஓய்வாக இருக்கிறார்கள்.

மாமனார் வேலையை விட்ட கதையைக் கேட்காமல் இந்தக் குடும்பத்துக்குள் யாரும் மருமகளாகவோ மருமகனாகவோ நுழைந்ததில்லை. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்குக் கடுமையான காய்ச்சல். ஊசி மருந்து பீரோவில் இருக்கிறது. தோட்டத்து சூப்பிரண்டு, “அது ஸ்டாஃபுக்கு வச்சிருக்கிறது, தொடாதே” என்கிறார். மாமனார் பீரோவைத் திறக்கிறார், ஊசியைப் போடுகிறார், நேரே போய்ச் சாவிக்கொத்தை சூப்பிரண்டின் மேஜைமேல் வீசுகிறார். “வீசினேன் பாரு, மேஜைக் கண்ணாடி இந்தக் கடைசிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் விரிசல்!” என்று சொல்லும்போது அவர் கை இன்னும் ஒரு முறை வீசும். பிறகு ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். அப்புறம், “நாங்க மலை இறங்கினோம்” என்பார்.

முதலில் வந்தது நாத்தனார் எழுதியது. அவர் நாகர்கோவிலில் கணக்கு டீச்சர். கோடு போட்ட தாளில் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, படம் எடுத்து அனுப்பியிருந்தார். மலையில் குளிர் அதிகம். எனவே விறகு நிறைய வேண்டும். எனவே வீட்டுக்குப் பின்னால் ஒரு விறகுக் கொட்டகை இருந்தது. எனவே அங்கே பாம்பு வந்தது. நிரூபிக்க வேண்டியது நிரூபிக்கப்பட்டது என்று கடைசியில் எழுதாததுதான் பாக்கி.

என் கணவருடையது அதற்கு நேர்மாறு. அதில் எதனாலும் எதுவும் நடக்கவில்லை; எல்லாவற்றையும் அப்பா செய்தார். அப்பா காலையில் எழுந்தார். அப்பா ஸ்டெரிலைசரைப் பற்ற வைத்தார். அப்பா பாட்டு பாடினார். “ஒரு இடத்துலயாவது ‘அவர்’னு போடக்கூடாதா?” என்று கேட்டேன். “அவர்னு எழுதினா யாரோ பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கு” என்றார்.

கொழுந்தன் மலையிலிருந்து இறங்கும்போது சின்னப் பையன். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில். அவன் எழுதும் தமிழுக்கு எழுத்து மட்டும்தான் தமிழ். மலை இறங்கிய நாளைப் பற்றி அவன் எழுதியிருந்தது இது: “ஜீப் வந்து. சாமான் கேற்றி. எல்லாரும் நோக்கி நின்னு. வளைவு திரும்பினப்போ சிரிச்சு. கரஞ்ஞு. கை பிடிச்சு. ஒண்ணும் பறஞ்ஞில்ல.”

எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் இதைத் தமிழில் கொண்டுவருவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. மலையாளத்தில் ‘சிரிச்சு’ என்றால் ஒரு சிரிப்பு நடந்தது, ‘கரஞ்ஞு’ என்றால் ஓர் அழுகை நடந்தது என்று மட்டும் பொருள். சிரித்தது ஆணா பெண்ணா, ஒருவரா ஊரா என்று அந்த வினை காட்டிக் கொடுக்காது. தமிழில் அந்தச் சௌகரியம் கிடையாது. சிரித்தார், சிரித்தாள், சிரித்தான், சிரித்தோம் என்று ஏதாவது ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். எழுதிவிட்டால் ஆள் அகப்பட்டுக்கொள்வார். நான் யோசித்து, ஜீப்பில் ஏறிய குஷியில் சின்னப் பையன் சிரித்திருப்பான், மாமியார் அழுதிருப்பார், மாமனார் ஒன்றும் பேசாமல் மாமியாரின் கையைப் பிடித்திருப்பார் என்று முடிவு செய்து அப்படியே எழுதினேன்.

மூன்றையும் சேர்த்து ஒட்டிய முதல் வடிவம் சிரிப்பாய்ச் சிரித்தது. ‘நான்’ என்பவள் ஒரு பத்தியில் பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அடுத்த பத்தியில் அதே ‘நான்’ டவுசர் கிழிந்து திரும்பி வந்தான். அதற்கடுத்த பத்தியில் அம்மா மடியில் உட்கார்ந்திருந்தான். கணவரைச் சமாதானப்படுத்திவிட்டு அங்கங்கே ‘அவர்’ போட்டதில் இன்னொரு வில்லங்கம். ‘அவர் சாவிக்கொத்தை அவர் மேஜையில் எறிந்தார். அவர் பயந்துவிட்டார்.’ யார் மேஜை, யார் பயந்தது? என் கணவர் படித்துவிட்டு, “இதுல அப்பா பயந்த மாதிரில்லா இருக்கு!” என்று பதறினார். சூப்பிரண்டை சூப்பிரண்டு என்றே மறுபடி எழுதினேன். ஒருவரை ஒரு முறை பெயரிட்டு நிறுத்திவிட்டு, அடுத்த வரியில் ‘அவர்’ என்று சுட்டி, அதற்கடுத்த வரியில் அதையும் விட்டுவிட்டு வினையின் வாலை மட்டும் காட்டினால் போதும், படிப்பவர் கூடவே வந்துவிடுவார். நடுவில் இன்னொருவர் நுழைந்தால் மட்டும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நோட்டீஸ் எழுதும்போது எனக்கு இது தேவைப்பட்டதே இல்லை. அங்கே எல்லோரும் ‘விண்ணப்பதாரர்’தான்.

சரிபார்க்கக் கொழுந்தனுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடம் கூப்பிட்டான்.

“மைனி, ஜீப்பில தப்பாயிப் போச்சு. கரஞ்சது அப்பாவாக்கும்.”

“மாமாவா அழுதாங்க?”

“ஆமா மைனி. அம்மைதான் சிரிச்சது. நான் அம்மை மடியில இருந்தேன் அல்லே? அம்மை சிரிக்கச் சிரிக்க என் தலை ஆடிச்சு. எனக்கு நல்ல ஓர்மை உண்டு.”

“அப்போ கை பிடிச்சது?”

“அம்மை, அப்பாவோட கையை. பறஞ்ஞில்லன்னா, அப்பா ஒண்ணும் பேசல. கீழே விதுரா வர்ற வரைக்கும் பேசல.”

நியாயத்துக்காக வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு இறங்குகிற ஆள் அழுவானேன்? வேலை போய் நடுத்தெருவில் நிற்கப்போகிற குடும்பத்தின் தாய் வயிறு குலுங்கச் சிரிப்பானேன்? கணவரிடம் சொன்னேன். “நானும் அக்காவும் பின்னால சாமான் நடுவுல இருந்தோம், ஒண்ணும் பாக்கல. அவன் அன்னைக்குச் சின்னப் பய. அவனுக்கு என்ன தெரியும்?” என்று தள்ளிவிட்டார். நானும் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த சிக்கலுக்குப் போனேன். அது இதைவிடப் பெரியது.

நாத்தனார் எழுதியிருந்தார்: ‘அப்பா கோபத்தில் வேலையை விட்டார். அதனால் அம்மா தையல் மெஷினில் உட்கார வேண்டியதாயிற்று.’

என் கணவர் எழுதியிருந்தார்: ‘அப்பா நியாயத்துக்காக வேலையை விட்டார். அம்மாவும் தோள் கொடுத்தார்.’

இரண்டையும் ஒரே பத்தியில் வைக்க முடியாது. நான் முதலில் எல்லாவற்றையும் உருவிவிட்டு, ‘அப்பா வேலையை விட்டார். அம்மா தையல்கடை வைத்தார்’ என்று எழுதிப் பார்த்தேன். “நடுவுல ஒண்ணும் இல்லாம, ரெண்டு பேரும் ரெண்டு வீட்டுக்காரங்க மாதிரி இருக்கே” என்றார் கணவர். சரி என்று நடுவில் ‘பிறகு’ போட்டு நாத்தனாருக்கு அனுப்பினேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் போன் வந்தது.

“பிறகுன்னா என்ன அர்த்தம்? காப்பி குடிச்சா, பிறகு குளிச்சா, அந்த மாதிரி இருக்கு. நான் எழுதின ‘அதனால்’ எங்க?”

“அக்கா, இது பொன்விழாப் புத்தகம். மாமா படிப்பாங்க.”

“படிக்கட்டும். அம்மா அந்த மெஷினை மிதிச்ச மிதி எனக்குத்தான் தெரியும். நான் பரீட்சைக்குப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம்தான். தூங்கப் போகும்போதும் அதே சத்தம். அப்பா அன்னைக்குக் கொஞ்சம் பொறுத்துப் போயிருந்தா அம்மாவுக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. நான் பொய்யா எழுதல. ‘அதனால்’தான்.”

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். நாத்தனார் பண்டிகைக்குப் பண்டிகை வருவார், அம்மாவோடு அடுக்களையில் மணிக்கணக்காகப் பேசுவார், அப்பாவிடம் “மாத்திரை போட்டாச்சா?” என்பதற்குமேல் பேச மாட்டார். கணக்கு டீச்சர், சுருக்கமாகத்தான் பேசுவார் என்று நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

கணவரிடம் சொன்னபோது அவர் முகம் விழுந்துவிட்டது. “அக்கா இப்படியா நினைக்கா?” என்று கேட்டுவிட்டு, குழுவில் ‘ஆனாலும்’ என்று ஒரு சொல்லை முன்மொழிந்தார். அப்பா வேலையை விட்டார். ஆனாலும் அம்மா கடை வைத்துக் காப்பாற்றினார். நாத்தனார் உடனே ‘அதனால்’ என்று மட்டும் பதில் போட்டார். இவர் ‘ஆனாலும்’ என்றார். கொழுந்தன், “எந்தெங்கிலும் ஒண்ணு போடுங்க, பிரஸ்காரன் விளிக்கறான்” என்று எழுதி, கும்பிடும் கை ஒன்றைச் சேர்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை நானே அச்செடுத்த தாள்களோடு கரமனைக்குப் போனேன். சண்டையை அவர்கள் காதில் போடாமல், கணவர் எழுதிய பத்தியை மட்டும் வாசித்துக் காட்டி, இருவரும் தலையாட்டிவிட்டால் அதையே வைத்துவிடலாம் என்பது என் திட்டம். மாமியார் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். மாமனார் பக்கத்து வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்தத் தெருவில் யாரும் அவருக்குக் கையை நீட்டாமல் வாசலைக் கடக்க முடியாது.

வாசித்தேன். விறகுக் கொட்டகைக்குச் சிரித்தார்கள். பாம்புக்குத் திருத்தம் சொன்னார்கள். அது பாம்பு இல்லையாம், உடும்பாம். ஊசி, சாவிக்கொத்து, மேஜைக் கண்ணாடி எல்லாம் ஆயிற்று. ‘அம்மாவும் தோள் கொடுத்தார்’ என்று வாசித்ததும் மாமியார் மொச்சையைக் கீழே வைத்தார்.

“நில்லு மக்ளே. அது என்னது, அம்மாவு...ம்?”

“அத்தையும் கூட நின்னீங்கன்னு...”

“நான் என்ன இலை ஓரத்துல வைக்க ஊறுகாயா? ‘உம்’முனு ஒரு பக்கமா ஒதுக்கி வச்சிருக்கு?”

“ஏட்டி, விடு. பிள்ளைகள் ஆசையா எழுதியிருக்கு” என்றார் மாமனார்.

“நான் விட்டு விட்டுத்தான் இது அச்சடிக்க வரைக்கும் வந்திருக்கு.” மாமியார் என் பக்கம் திரும்பினார். “கேட்டுக்கோ மக்ளே. இவிய சண்டை போட்டது நெசம். வேலையை விட்டதும் நெசம். ஆனா அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.”

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் ரத்த அழுத்தக் கருவியின் குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

மாமியார் சொன்னது இது. சண்டை நடந்த மறுநாளே சூப்பிரண்டு காது வலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். மாமனார் சொட்டு மருந்து விட்டார். இருவரும் டீ குடித்தார்கள். அதோடு சண்டை முடிந்தது. சாவிக்கொத்து அன்று சாயங்காலமே திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேலும் மாமனார் அதே பீரோவைத் திறந்து மூடிக்கொண்டு அங்கேதான் இருந்தார்.

“பின்னே ஏன் அத்தை மலை இறங்கினீங்க?”

“அட்டை” என்றார் மாமியார்.

அந்தக் காட்டில் மழை தொடங்கிவிட்டால் கால் வைத்த இடமெல்லாம் அட்டை. முழங்கால் வரைக்கும் வரும் கெட்டித் துணி உறையை மாட்டி, மேலே நாடாவால் இறுக்கிக் கட்டிக்கொண்டால் ஏறாது. மாமியாரிடம் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த தையல் மெஷின் இருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு மாவுச் சாக்கில் அந்த உறைகளைத் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அகஸ்தியர் மலைக்கு ஏறுகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். அவர்களும் கேட்டு வாங்கினார்கள். அப்படி மலை ஏற வந்தவர்களில் ஒருவர் சாலைக் கடைத்தெருவில் ஜவுளி வியாபாரி. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் காலைப் பார்க்கவில்லை, தையலைப் பார்த்தார். அடுத்த முறை துணிக்கட்டு அனுப்பினார். அதற்கடுத்து பள்ளிக்கூடச் சீருடை. கடைசியில், பின்பக்கச் சந்தில் ஓர் அறை காலியாக இருக்கிறது, வந்தால் உங்களுக்குத்தான் என்று சொல்லி அனுப்பினார்.

“நான் இவியகிட்ட நேராச் சொன்னேன். நான் எறங்கப் போறேன், பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போறேன். நீங்க கூட வாரியளா, இல்ல லீவு நாள்ல வந்து பாத்துட்டுப் போறியளான்னு கேட்டேன்.”

மாமனாரின் காது சிவந்திருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பின்னே என்ன செய்ய? பொஞ்சாதி கடை வைக்கா, அதான் நான் வேலையை விட்டுட்டு பின்னால போறேன்னு அந்தக் காலத்துல எங்க அண்ணன்மார்கிட்ட சொல்ல முடியுமா? சண்டை ஒண்ணு சும்மா கிடந்துச்சு. அதை எடுத்துப் பக்கத்துல வச்சேன். ஆனா ஒண்ணு மக்ளே, நான் ஒரு நாளும் ‘அதனால’ன்னு சொன்னது கிடையாது. நல்லா யோசிச்சுப் பாரு.”

யோசித்துப் பார்த்தேன். சொன்னதே இல்லைதான். சாவியை வீசுவார், தண்ணீர் குடிப்பார், மலை இறங்குவார். அந்த ஒரு வாய்த் தண்ணீருக்குள் நாங்கள் எல்லோரும் அவரவர் ‘அதனால்’ஐப் போட்டுக்கொண்டோம். இரண்டு வாக்கியமும் உண்மை. அருகருகே உட்கார்ந்ததுதான் பொய்.

“மேஜைக் கண்ணாடி?” என்று கேட்டேன்.

“விரிசல் நெசம்” என்றார் மாமனார்.

“நெசம்தான். அது முன்னாலயே இருந்துச்சு” என்றார் மாமியார்.

ஜீப்பில் அழுததைக் கேட்டேன். மாமனார் மறைக்கவில்லை. “அங்கே என்னை எல்லாரும் டாக்டர்னுதான் கூப்பிடுவாங்க. டவுனுக்கு வந்தா யாரு கூப்பிடப் போறா? அதை நினைச்சேன், கண்ணு நிறைஞ்சுட்டு” என்றார். மாமியார் உடனே, “நான் இவியளைப் பாத்துச் சிரிக்கல. எனக்குச் சந்தோஷம், அடக்க முடியல. கையைப் பிடிச்சாவது இவிய அழுகையை நிறுத்தலாம்னு பாத்தேன்” என்றார்.

அதன் பிறகு நாத்தனாரின் வாக்கியத்தை வாசிக்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. மெதுவாக வாசித்தேன். “அவ இப்படி நினைச்சுக்கிட்டா இருக்கா?” என்றார் மாமியார். மகள் தள்ளி நிற்பது மாமனாருக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. காரணம்தான் தெரியாமல் இருந்திருக்கும். மாமியார் என் செல்போனை வாங்கி மகளைக் கூப்பிட்டு, “ஏட்டி, லீவு போட்டாவது வா. போன்ல சொல்ல மாட்டேன்” என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாள் நானும் லீவு போட்டுவிட்டுக் கரமனையில் இருந்தேன்; நாத்தனார் ரயிலேறி வந்துவிட்டார். யாருக்கோ உடம்புக்கு வந்துவிட்டது என்று பயந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தார். மாமியார் அவரை உட்கார வைத்து, எனக்குச் சொன்ன அத்தனையையும் சொன்னார். அட்டை, உறை, ஜவுளிக்காரர், சந்து. அம்மா மலையில் உறை தைத்தது நாத்தனாருக்கு ஞாபகம் இருந்தது; மலை இறங்கியதற்கு அதுதான் காரணம் என்பதுதான் புதிது.

“நான் மெஷின் மிதிச்ச சத்தம் கேட்டு நீ படுத்துக்கிட்டு வருத்தப்பட்டியாமே? எனக்கு அந்தச் சத்தம் கேட்டாத்தான் அன்னைக்குத் தூக்கம் வரும், கோட்டிக்காரி. வேலையில்லாத நாள்லதான் நான் சிடுசிடுன்னு இருப்பேன். உனக்கு ஓர்மை இல்லையா?”

நாத்தனார் அப்பாவிடம் திரும்பினார்.

“நீங்களாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா.”

“சொன்னா, வீராப்பு இல்லாத அப்பன்னு நீ நினைச்சிருவியேன்னு இருந்தேன் மக்ளே.”

“அந்த வீராப்பைத்தான் நான் இத்தனை வருஷமா மன்னிக்காம வச்சிருந்தேன்.”

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது. மாமனாருக்குக் கை கால் ஓடவில்லை. அணைத்துக்கொள்ளத் தெரிந்த தலைமுறை இல்லை அவர். அங்கும் இங்கும் பார்த்தவர், ரத்த அழுத்தக் கருவியை எடுத்து வந்து மகளின் கையை இழுத்து, பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்.

“கொஞ்சம் கூடுதலா இருக்கு” என்றார்.

“அழுதா கூடத்தானே செய்யும்” என்றார் நாத்தனார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. பட்டையை அவிழ்த்த பிறகும் கையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மாமியார் எழுந்து எனக்கு ஜாடை காட்டி அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து அந்தப் பகுதியை மறுபடி எழுதினோம். கணவர் அலுவலகத்திலிருந்து நேரே வந்தார். தன் வீரனைப் பறிகொடுத்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். “சண்டையை எடுத்துராதீங்க” என்று கெஞ்சினார். எடுக்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு பகுதி கொடுத்து, காது வலியும் டீயும் வரைக்கும் எழுதி, அங்கேயே முடித்துவைத்தோம்.

அடுத்த பகுதியை மாமியாரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘அந்த மலையில் அட்டைகள் அதிகம்’ என்று தொடங்கியது. அட்டையைப் பிடித்துக்கொண்டு உறை வந்தது. உறையைப் பிடித்துக்கொண்டு துணி வந்தது, துணிக்குப் பின்னால் துணிக்காரர், துணிக்காரருக்குப் பின்னால் சாலைக் கடைத்தெரு. ஒரு வரியில் வந்த பொருள் அடுத்த வரியில் கை நீட்டியதால், நான் ‘மேலும்’ என்றோ ‘பின்னர்’ என்றோ எங்கும் முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அலுவலகத்தில் நான் எழுதும் அறிவிப்புகளைக் கொஞ்சம் வெட்கத்தோடு நினைத்துக்கொண்டேன்.

கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது நாத்தனார் என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். அவரே எழுதினார்: ‘அம்மா கடை வைக்க முடிவு செய்தாள். அதனால் அப்பா வேலையை விட்டார்.’ எழுதிவிட்டு ஒரு முறை வாசித்துக் காட்டினார்.

மாமனார் தொண்டையைச் செருமினார். “ஒரே ஒரு சொல்லு சேக்கலாமா? ‘நன்றாக யோசித்துப் பார்த்து’ன்னு. இல்லாட்டி அவ கூப்பிட்ட உடனே ஓடி வந்த மாதிரி இருக்கு.”

“ஓடித்தானே வந்திய!” என்றார் மாமியார்.

வாக்கெடுப்பு நடந்தது. மாமியார் தவிர எல்லோரும் ஆதரித்ததால் ‘நன்றாக யோசித்துப் பார்த்து’ நிறைவேறியது.

விழாவை வலியசாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் வைத்தோம். புத்தகத்திலிருந்து வாசிக்கும் பொறுப்பு கொழுந்தனுக்கு. ஒரு வாரமாக என்னோடு போனில் பயிற்சி எடுத்திருந்தான். ‘சிரிச்சு’ என்று வாயில் வந்துவிடக்கூடாது என்று அவனுக்கு ஒரே பயம். ஜீப் வளைவு திரும்பும் இடம் வந்ததும் நிறுத்தி, மூச்சை இழுத்து, “அம்மா சிரித்...தாள்! அப்பா அழு...தார்!” என்று ஒவ்வொரு வாலையும் அழுத்தி வாசித்தான். மண்டபமே சிரித்தது. மாமனார் எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார். அவருடைய அண்ணன் ஒருவர், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர், “எலே, அது எனக்கு அன்னைக்கே தெரியும்லே!” என்று கத்தினார். சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் மாமனாரை யாரும் விடவில்லை. அட்டை உறை எப்படித் தைப்பது என்று மாமியாரைச் சுற்றி ஒரு கூட்டம்.

விழா முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது நாத்தனார் அப்பாவின் பெட்டியையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். மாமனார் மகள் வீட்டுக்குத் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. இரண்டு நாளில் திரும்புவதாகச் சொல்லிப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். மகளின் தெருவில் பாதிப் பேருக்கு அழுத்தம் பார்த்தாயிற்றாம், மீதிப் பேர் காத்திருக்கிறார்களாம். அத்தைக்குத் தனியாக இருந்தால் சிரமமோ என்று நான் போன் செய்து கேட்டேன். “டிவி ரிமோட் எங்கிட்ட இருக்கு மக்ளே. அவசரப்படுத்தாதே, மெதுவா வரட்டும்” என்றார். நேற்று நாத்தனார் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் மாமனார், தலைக்குப் பெரிதான ஹெல்மெட் கண்வரைக்கும் இறங்கியிருக்க, மகளின் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.